அரை ஏக்கர் கோயில் இடத்துல ஆரம்பிச்ச சண்டை: ஜாவோ சான்துவோ கிளர்ச்சித் தலைவரான கதை, ஒரு நிகழ்வு ஆய்வு

எதுக்கு இந்த கேஸ்

பாக்ஸர் கிளர்ச்சின்னு சொன்னாலே நம்ம ஆளுங்களுக்கு 1900-ல பெய்ஜிங்ல வெளிநாட்டுத் தூதரகங்களை முற்றுகை போட்டது, எட்டு நாட்டுப் படை வந்து இறங்கினது, "எங்களை குண்டு துளைக்காது"ன்னு நம்பி துப்பாக்கி முன்னாடி போய் நின்ன இளைஞர்கள், இவ்வளவுதான் ஞாபகம் வரும். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே, 1898-ல, அந்நியருக்கு எதிரா கொடி தூக்கின ஒரு கிராமத்து ஆசான் இருக்கார். பேரு ஜாவோ சான்துவோ. பாக்ஸர்களோட சீனப் பேரா பின்னாடி ஊர் ஊரா பரவின "யிஹெச்சுவான்"ங்கற பேரை தன் கூட்டத்துக்கு வெச்சவர் அவர்தான். ஆனா அவரோட கதை பெய்ஜிங்ல ஆரம்பிக்கல, ஒரு சின்ன ஊர்ல இருந்த இடிஞ்ச கோயில் மனைல ஆரம்பிச்சது.

நான் இங்க எழுதறது அந்த மனை கேஸ். 1869-ல இருந்து 1902 வரைக்கும், வரிசையா. ஜாவோவையும் ஒரு கவர்னரையும் கடைசில வர்ற இன்னொரு தலைவரையும் தவிர ஊர்க்காரங்க, அதிகாரிங்க, பாதிரியார்கள் யார் பேரையும் போடல, அவங்கவங்க எந்த இடத்துல நின்னாங்கன்னு தெரிஞ்சா போதும். நிலத்தகராறு, மதத்தகராறு, ஊர் சமாதானம்னு அலையறவங்க, பஞ்சாயத்து பண்றவங்க, அதிகாரத்துல உக்காந்து மனு வாங்கறவங்க எல்லாரும் இதை படிக்கணும்னு நான் உண்மையா நினைக்கறேன், ஏன்னா இதுல தீர்வு கைக்கு எட்டின தூரத்துல இருந்த தருணம் ஒண்ணுக்கு மேல இருக்கு.

ஊரும் நிலமும்

ஊர் பேரு லியுவான்துன். ஷாண்டோங் மாகாணத்துல குவான் கவுண்டிக்கு சேர்ந்தது, ஆனா கவுண்டியோட ஒட்டி இல்ல. தனியா பிரிஞ்சு, பக்கத்து ஜிலி மாகாணத்துக்குள்ள ஒரு தீவு மாதிரி கெடந்த நிலப்பகுதி அது. "பதினெட்டு கிராமம்"னு அந்தப் பகுதிக்கு ஒரு பேரும் இருந்துச்சு. மாஜிஸ்ட்ரேட் உக்காந்திருக்கற கவுண்டி தலைநகருக்கு போகணும்னா வேற மாகாணத்து மண்ணை தாண்டி ஒரு நாள் நடைக்கு மேல போகணும். சுத்தி இருக்கற ஊரெல்லாம் வேற நிர்வாகம், இங்க தப்பு பண்ணினவன் நாலு வயக்காட்டை தாண்டினா இந்த கவுண்டி சேவகன் அவனை தொட முடியாது. இந்த அமைப்பை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி நடந்த பாதி விஷயத்துக்கு இதுதான் காரணம்.

ஊர்ல சுமார் 300 குடும்பம், அதுல கிறிஸ்தவக் குடும்பம் சுமார் 20. ஊருக்கு பொதுவா ஒரு ஜேட் பேரரசர் கோயில் இருந்துச்சு, ஜேட் பேரரசர்னா சீன நாட்டார் வழிபாட்டுல வானுலகத்துக்கே ராஜா. முதல் மாசம் ஒன்பதாம் நாள் அவரோட பிறந்தநாள், திருவிழா எடுப்பாங்க. கோயிலுக்கும் ஊர் இலவசப் பள்ளிக்கும்னு தானமா வந்த நிலம் 38 மூ. ஒரு மூங்கறது நம்ம கணக்குல 16 சென்ட் சொச்சம், ஆக 38 மூ சுமார் 6 ஏக்கர். கோயில் கட்டடம் நின்ன மனை தனியா 3 மூவுக்கு கொஞ்சம் மேல, அதாவது கிட்டத்தட்ட அரை ஏக்கர். 1860-கள் தொடக்கத்துல அந்த வட்டாரத்துல நடந்த கலவரத்துல கோயில் நாசமாயிருச்சு, அப்புறம் வருஷக்கணக்குல இடிஞ்சே கெடந்துச்சு.

அதே சமயம் மேல நாட்டு அளவுல வேற ஒண்ணு நடந்துச்சு. 1858 தியான்ஜின் ஒப்பந்தம், 1860 பெய்ஜிங் ஒப்பந்தம் ரெண்டும் மிஷனரிகளுக்கு உள்நாடு முழுக்க போக வழி திறந்து விட்டுச்சு, பிரான்சோட போட்ட 1860 ஒப்பந்தத்தோட சீன மூலத்துல மிஷனரிங்க எந்த மாகாணத்துலயும் நிலம் வாங்கலாம், கட்டடம் கட்டலாம்னு ஒரு வாசகம் சேர்ந்துருச்சு. 1862-ல கத்தோலிக்கர்கள் கோயில் திருவிழா, கூத்து இதுக்கெல்லாம் ஊர்வரி குடுக்க வேண்டாம்னு விலக்கும் கிடைச்சுது. கிறிஸ்தவங்க பக்கம் பாத்தா நியாயம்தான், தான் கும்பிடாத சாமிக்கு ஏன் காசு குடுக்கணும். ஊர் பக்கம் பாத்தா, மழை வேணும்னு ஊரே சேர்ந்து எடுக்கற விழாவுல சில வீடு விலகி நிக்குது. ரெண்டுமே உண்மை.

1869: பாகப்பிரிவினை

1869-ல கிறிஸ்தவங்க தங்களுக்கும் பொதுச்சொத்துல பங்கு வேணும்னு கேட்டாங்க. ஊர்த்தலைவர்கள் உக்காந்து பேசி நாலு பங்கா பிரிச்சாங்க. கிறிஸ்தவங்க அல்லாத மூணு பங்குக்கு 38 மூ நிலம், கிறிஸ்தவங்க பங்குக்கு இடிஞ்ச கோயில் இருந்த மனை. எழுத்துல எழுதி ஊர்த்தலைவர்கள் சாட்சியோட முடிஞ்ச ஒப்பந்தம் இது, யாரும் துப்பாக்கி காட்டி வாங்கல.

வெறும் பரப்பளவா பாத்தா ஊருக்கு ரொம்ப லாபம், 6 ஏக்கர் விளைநிலம் எதிர்ல அரை ஏக்கர் இடிபாடு. அவங்க எண்ணமும் அதுவாதான் இருந்திருக்கணும். ஆனா அந்த மனைல அடுத்து என்ன கட்டலாம், யாருக்கு கைமாத்தலாம்னு பத்திரத்துல ஒரு கட்டுப்பாடும் போடல. கிறிஸ்தவங்க அந்த மனையை மிஷனுக்கு எழுதி குடுத்துட்டாங்க, அப்ப அந்தப் பகுதில இருந்தது இத்தாலிய பிரான்சிஸ்கன் பாதிரியார்கள். சாமி இருந்த இடத்துல சர்ச் எழும்பப் போகுதுன்னு ஊருக்கு அப்பதான் உறைச்சுது.

1873 முதல் 1887 வரை: மனு, இடிப்பு, ராஜி

1873-ல சர்ச் வேலை ஆரம்பிச்சப்போ ஊர்ப் பெரியவங்க, அதாவது அரசுத் தேர்வுல முதல் படி பாஸ் பண்ணின படிச்சவங்க, மாஜிஸ்ட்ரேட்கிட்ட கேஸ் போட்டாங்க. அவர் பத்திரத்தை பாத்தார், மனை கிறிஸ்தவங்களுதுன்னு தீர்ப்பு சொன்னார். சட்டப்படி சரியான தீர்ப்பு. 1881-ல கோயில் ஊர்வலத்தப்போ மறுபடி தகராறு, இந்த தடவை பெய்ஜிங்ல இருந்த பிரெஞ்சு தூதர் வரைக்கும் போச்சு.

இது எப்படி வேலை செஞ்சுதுன்னு கொஞ்சம் நிறுத்தி பாக்கணும். கத்தோலிக்க மிஷன்களுக்கு பிரான்ஸ் தான் பாதுகாவலன்னு சொல்லிக்கிச்சு, மிஷன் இத்தாலியரோடதா இருந்தாலும் புகார் பிரெஞ்சு தூதரகம் வழியா போகும். தூதர் பெய்ஜிங் வெளியுறவு அலுவலகத்துல கேப்பார், அங்கிருந்து மாகாண கவர்னருக்கு, கவர்னர்கிட்ட இருந்து பல கவுண்டிகளை மேற்பாக்கற ப்ரிஃபெக்டுக்கு, அவர்கிட்ட இருந்து மாஜிஸ்ட்ரேட்டுக்கு கடிதம் இறங்கும். ஊர்க்காரனோட மனு கீழ இருந்து ஒவ்வொரு படியா ஏறணும், மிஷன் புகார் நேரா உச்சில போய் உக்காந்துட்டு கீழ இறங்கும். மாஜிஸ்ட்ரேட்டுக்கு பதவிக்காலம் பேருக்கு மூணு வருஷம், பல சமயம் அதுக்குள்ளயே மாத்திடுவாங்க, அவர் எந்த பக்கம் சாய்வார்னு சொல்லவா வேணும்.

1887-ல மிஷன் இன்னும் பெரிய சர்ச் கட்ட ஆரம்பிச்சுது. ஊர் திரண்டு போய் அதை இடிச்சு, அங்க சர்ச்சுக்குனு கொண்டு வந்து வெச்சிருந்த செங்கல், கட்டடச் சாமானை எடுத்தே கோயிலை திருப்பி கட்டிட்டாங்க. முன்னால நின்னது ரெண்டு படிச்ச ஆளுங்க. வன்முறைதான், மறுக்கல. ஆனா அப்போ இருந்த மாஜிஸ்ட்ரேட் இதை கலவரமா எடுத்துக்காம சமாதானமா முடிக்க பாத்தார். கோயில் ஊருக்கே இருக்கட்டும், கிறிஸ்தவங்களுக்கு ஊருக்குள்ளயே வேற இடம் வாங்கி சர்ச் கட்டிக்க ஏற்பாடு, அதுக்கு பண உதவியும் உண்டுன்னு ஒரு ராஜி.

இந்த முப்பது வருஷ கேஸ்ல நடந்ததுலயே நல்ல முடிவு இதுதான்னு எனக்கு தோணுது. ரெண்டு பக்கமும் கும்பிட இடம் கிடைச்சிருக்கும், செலவும் பெருசா இல்ல.

ராஜி நிக்கல

நிக்காததுக்கு காரணம் ரொம்ப சாதாரணம். உள்ளூர்ல பேசி முடிச்சாங்க, ஆனா மிஷன் மேலிடம் ஒத்துக்கல. இதை திருப்பி கிளப்பற சக்தி யாருக்கு இருந்துச்சோ அவங்களை உள்ள கொண்டு வராம போட்ட ராஜி, கொஞ்ச வருஷத்துலயே தூதரகம் வழியா புகார் மறுபடி எழுந்துச்சு. 1892-ல அதிகாரிங்க மனையை கிறிஸ்தவங்ககிட்டயே ஒப்படைக்கணும்னு முடிவெடுத்தாங்க. அந்த வருஷமே ஊர் இளைஞர்கள் லின்சிங் பக்கத்துல இருந்து ஒரு தாவோ பூசாரியை கூட்டிட்டு வந்து ஆயுதத்தோட கோயில்ல உக்கார வெச்சாங்க, அரசு ஆள் வந்து அதை கலைச்சு கோயிலை கை மாத்தினாங்க.

இன்னொரு விஷயம் எனக்கு இதைவிட பெருசா படுது. வழக்கு நடந்த வருஷங்கள்ல ஊருக்காக கவுண்டி, ப்ரிஃபெக்சர், மாகாணம்னு மனுவைத் தூக்கிட்டு அலைஞ்ச ஆறு பெரியவங்க ஜெயிலுக்கு போனாங்க. ஊர் அவங்களை "ஆறு பெரும் அநீதி"ன்னு சொல்ல ஆரம்பிச்சுது, அநீதிக்கு ஆளானவங்கங்கற அர்த்தத்துல. இவங்க எல்லாம் எழுதப் படிக்க தெரிஞ்சவங்க, அரசு முறைல நம்பிக்கை வெச்சவங்க, அரசாங்கத்தோட அவங்க மொழிலயே பேசத் தெரிஞ்சவங்க. அவங்களை உள்ள தள்ளினதும் ஊர்ல அடுத்து யார் முன்னால வந்தாங்க? "பதினெட்டு தலைகள்"னு பேர் எடுத்த பதினெட்டு இளைஞர்கள். கொஞ்சூண்டு நிலம் வெச்சிருந்தவங்க, கூலிக்கு போறவங்க, சின்ன வியாபாரம் பண்றவங்க. மனு எழுதத் தெரியாது, ஆனா சண்டை கத்துக்கிட்டவங்க.

மனு எழுதற கை போய் கம்பு பிடிக்கற கை வந்தது இந்த இடத்துலதான். அதிகாரிங்க கேஸ் குறைஞ்சதுன்னு நினைச்சிருப்பாங்க, பேச்சு நடத்த ஆள் இல்லாம போனதுதான் நடந்தது.

ஜாவோகிட்ட போனாங்க

பதினெட்டு பேருக்கு தங்களால மட்டும் முடியாதுன்னு தெரிஞ்சுது. பக்கத்துல ஜிலி மாகாணம் வெய் கவுண்டில ஷாலியுஜாய்னு ஒரு ஊர், லியுவான்துன்ல இருந்து நடந்து போற தூரம். அங்க இருந்தார் ஜாவோ சான்துவோ. அப்ப அவருக்கு வயசு அம்பதை தாண்டியாச்சு. மெய்ஹுவான்னு ஒரு தற்காப்புக் கலை, பிளம் பூ குத்துன்னு சொல்லலாம், அதுல பேர்போன ஆசான், சுத்துப்பட்டுல ரெண்டாயிரம் சீடர்னு சொல்லுவாங்க. யாருக்காவது அநியாயம் நடந்தா போய் நிக்கற மனுஷன்னு ஊர்ல மரியாதை.

இந்த கலை ரகசிய சங்கம் இல்லங்கறதை அழுத்தி சொல்லணும். பல தலைமுறையா சந்தைலயும் திருவிழாலயும் வெளிப்படையா ஆடிக் காட்டற கலை, அரசாங்கத்துக்கும் தெரியும். சாமி இறங்கி உடம்புல குண்டு துளைக்காதுங்கற சமாச்சாரம் இவங்களோடது இல்ல, அது பின்னாடி வடமேற்கு ஷாண்டோங்ல கிளம்பின வேற கூட்டத்தோட பழக்கம். ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பறது இன்னிக்கும் நடக்குது, ஜாவோவை மூடநம்பிக்கைக்காரர்னு ஒரு வரில தள்ளிவிடறவங்களுக்கு அது வசதியாவும் இருக்கு.

இளைஞர்கள் வந்து கேட்டப்போ ஜாவோ முதல்ல ஒத்துக்கல. காரணம் ஊகிக்கலாம், அவரோட கலை அரசாங்கத்தோட மோதாம இருந்ததாலதான் அவ்வளவு காலம் பிழைச்சிருந்தது, தவிர கேஸ் வேற மாகாணத்தோடது. திரும்ப திரும்ப வந்து கெஞ்சினப்புறம் அவங்களை சீடரா ஏத்துக்கிட்டார். ஆசான்னு ஆயிட்டா சீடனுக்கு கஷ்டம்னா போய் நிக்கணும், அந்த உறவுல வேற வழி கிடையாது. 1896 வாக்குல லியுவான்துன் கேஸ் ஜாவோவோட கேஸ் ஆச்சு.

1897: பலம் காட்டினது

1897 வசந்த காலத்துல மனைல சர்ச் வேலை மறுபடி நடந்தப்போ ஜாவோ எடுத்த முடிவு எனக்கு சுவாரசியமா படுது. நேரா அடிக்க போகல. லியுவான்துன்லயே தன் கலையோட பொதுக்காட்சி வெச்சார், பல கவுண்டில இருந்து ஆசான்களும் சீடர்களும் ஆயிரக்கணக்குல வந்து நாள்கணக்கா ஆடிக் காட்டினாங்க. சட்டத்துல குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல, சந்தைக்கு சந்தை நடக்கறதுதான். ஆனா அங்க நின்னு பாத்த கிறிஸ்தவங்களுக்கும் அதிகாரிகளுக்கும் சேதி போய் சேர்ந்துருச்சு.

அதோட நின்னிருந்தா ஒருவேளை பேச்சுக்கு வழி வந்திருக்கும். நிக்கல. ஏப்ரல் கடைசில பெரிய கூட்டம் ஒண்ணு மனை மேல பாஞ்சு கட்டடத்தை இடிச்சுது, கிறிஸ்தவங்களுக்கு அடி, உயிர்ச்சேதம், வீடுங்க சூறை. அடிபட்டது அதே ஊர்ல பொறந்து வளர்ந்த பக்கத்து வீட்டுக்காரங்க. ஜாவோவை எவ்வளவு அனுதாபத்தோட பாத்தாலும் இதை ஒதுக்கி வெச்சுட்டு எழுத எனக்கு மனசு வரல.

அதுக்கப்புறம் அதிகாரிங்க மறுபடி பழைய சூத்திரத்துக்கே வந்தாங்க, கோயில் ஊருக்கு, கிறிஸ்தவங்களுக்கு வேற இடம். கவர்னரா இருந்த லி பிங்ஹெங் மிஷனரிகளுக்கு வளைஞ்சு குடுக்காதவர். ஊர் ஜெயிச்ச மாதிரி இருந்துச்சு.

1897 நவம்பர் 1-ந்தேதி ராத்திரி, இதுக்கு சம்பந்தமே இல்லாத, ஷாண்டோங்கோட தெற்குல இருக்கற ஜுயே கவுண்டில ரெண்டு ஜெர்மன் மிஷனரிகளை கொன்னுட்டாங்க. ஜெர்மனி இதுக்காகவே காத்திருந்த மாதிரி ரெண்டே வாரத்துல ஜியாவோஜோ விரிகுடாவை பிடிச்சுது, 1898 மார்ச்ல 99 வருஷக் குத்தகைனு எழுதி வாங்கிக்கிச்சு. லி பிங்ஹெங் பதவி போச்சு. மாகாணத்துல எந்த அதிகாரிக்கும் இனி மிஷன் புகாரை தள்ளிப்போட தைரியம் இல்ல. லியுவான்துன் ஊருக்கு அவங்க கேள்விப்படாத ஒரு ஊர்ல நடந்த கொலைக்காக தங்களோட ராஜி போச்சு.

1898 பிப்ரவரி: ஜாவோ கலைக்க ஒத்துக்கிட்டார்

பிரெஞ்சு அழுத்தத்துல கோயிலை இடிச்சு மனையை ஒப்படைக்கணும்னு உத்தரவு வந்துச்சு. கவுண்டிக்கு புதுசா வந்த மாஜிஸ்ட்ரேட் ஒருத்தர் அந்த தூரத்து கிராமத்துக்கே வந்து ஜாவோவை நேர்ல சந்திச்சு பேசினார், கூட்டத்தை கலைச்சா நடவடிக்கை இருக்காதுங்கற ரீதியில. ஜாவோ ஒத்துக்கிட்டார். கோயில் இடிஞ்சுது. பதினெட்டு பேர் தலைமறைவு.

இதே சமயத்துல அவரோட சொந்த கலைல இருந்தே எதிர்ப்பு. மெய்ஹுவா மூத்த ஆசான்கள், உன் கேஸ்ல எங்க எல்லார் தலையும் உருளும், எங்க பேரை உபயோகிக்காதேன்னு சொன்னாங்க. ஜாவோ மறுக்கல, தன்னோட வந்தவங்களுக்கு "யிஹெச்சுவான்"னு வேற பேர் வெச்சார், நீதிக்காக ஒண்ணு சேர்ந்த குத்துன்னு பொருள். தன் கலையை காப்பாத்த வெச்ச பேர் அது, அதுதான் ரெண்டே வருஷத்துல உலகம் முழுக்க பேப்பர்ல வந்துச்சு.

அரசாங்கமும் ஒரே நிலைல இல்ல. அடுத்து வந்த கவர்னர் இவங்களை அடக்கறதை விட ஊர்க்காவல் படையா பதிவு பண்ணி கட்டுக்குள்ள வெச்சுக்கலாம்னு அந்த வருஷமே பெய்ஜிங்குக்கு யோசனை எழுதினார். ஒரு பக்கம் கூட்டத்தை கலைச்சுடுன்னு சொல்றாங்க, இன்னொரு பக்கம் சேர்த்துக்கலாமான்னு யோசிக்கறாங்க, இதுக்கு நடுவுல ஜாவோ வீட்ல உக்காந்திருக்கார், கைல எழுத்து மூலமா ஒரு உத்தரவாதமும் கிடையாது. அவரை நம்பி வந்தவங்களுக்கு கோயிலும் போச்சு. அவருக்கு பக்கத்துல இருந்தது வெளியூர்ல இருந்து வந்து ஒட்டிக்கிட்ட ஒரு ஆசான், இழக்கறதுக்கு அந்த ஊர்ல ஒண்ணும் இல்லாத ஆள், விட்டுடக் கூடாதுன்னு தூண்டிக்கிட்டே இருந்தார்.

1898 அக்டோபர்: கொடி

படை வருது, ஜாவோவை பிடிக்கப் போறாங்கன்னு பேச்சு கிளம்பினதும் அக்டோபர் கடைசில கூட்டம் திரண்டுச்சு. சிங் அரசுக்கு (அப்ப சீனாவை ஆண்ட ராஜ வம்சம்) துணை, அந்நியரை ஒழின்னு கொடி. அரசாங்கத்தால கைவிடப்பட்டவங்க அரசாங்கத்துக்கு துணைன்னு எழுதினாங்க, ஏன்னா அவங்க கண்ணுல அரசு எதிரி இல்ல, பயந்து போய் நிக்கற வீட்டுத்தலைவர் மாதிரிதான். ஜாவோ இதுல முழு மனசா இருந்தாரா, கூட இருந்தவங்க இழுத்துட்டு போனாங்களான்னு பாத்தா, அடுத்த சில நாள்ல நடந்தது பதில் சொல்லுது. அதிகாரிங்களும் உள்ளூர் பெரியவங்களும் வந்து பேசினாங்க, ஜாவோ மறுபடி இணங்கி ஆளுங்களை வீட்டுக்கு போகச் சொன்னார். ஒரே வருஷத்துல ரெண்டாவது தடவை.

ஆனா எல்லாரும் போகல. வெளியூர் ஆசான் தலைமையில ஒரு பகுதி நவம்பர் ஆரம்பத்துல ஹோங்தாவோயுவான்கற ஊர்ல கிறிஸ்தவங்க வீடுகளை கொளுத்தினாங்க, அங்கயும் உயிர் போச்சு. உடனே படை வந்துச்சு, அந்த ஆசானை பிடிச்சு தலையை எடுத்தாங்க. ஜாவோ வடக்கு பக்கமா தப்பிச்சு போயிட்டார்.

அதுக்கப்புறம்

ஜாவோ ஓடினார், அவர் வெச்ச பேர் நின்னுச்சு. 1899-ல வடமேற்கு ஷாண்டோங்ல சாமி இறங்கற கூட்டங்கள் அதே பேரை எடுத்துக்கிட்டாங்க, வறட்சி வேற சேர்ந்துச்சு, வயல்ல வேலை இல்லாத இளைஞர்கள் ஊர் ஊரா மேடை போட்டு பயிற்சி எடுத்தாங்க. 1900 ஜூன்ல பெய்ஜிங் தூதரகப் பகுதி முற்றுகை, 55 நாள். ஆகஸ்ட் 14-ல வெளிநாட்டுப் படை உள்ள நுழைஞ்சுது. நடுவுல செத்தவங்கள்ல ரொம்ப பெரும்பகுதி வெளிநாட்டுக்காரங்க இல்ல, ஆயிரக்கணக்கான சீனக் கிறிஸ்தவங்க, அப்புறம் பழிவாங்க வந்த படை கையில செத்த சாதாரண கிராமத்து மக்கள். பதினெட்டு பேரோட தலைவனையும் 1900-லயே பிடிச்சு கொன்னுட்டாங்க.

1901 செப்டம்பர் 7-ல கையெழுத்தான ஒப்பந்தத்துல சீனா 45 கோடி தேல் (அந்தக் காலத்து சீன எடை அளவு) வெள்ளி நஷ்டஈடா ஒத்துக்கிச்சு, 39 வருஷத் தவணை, 4 சதவீத வட்டி. அது போக அந்தந்த கவுண்டில சர்ச்சுகளுக்கான ஈட்டுத்தொகையை தனியா குடியானவங்க தலைல வரியா போட்டாங்க. ஜிலில குவாங்சோங் கவுண்டில ஜிங் திங்பின்னு படைத்தேர்வு பாஸ் பண்ணின ஒருத்தர் இந்த வரியை எதிர்த்து 1902-ல எழுந்தார். அவரோட கொடி மாறியிருந்துச்சு, சிங்கை துடைச்செறி, அந்நியரை ஒழி. நாலே வருஷத்துல "துணை" போய் "துடைச்செறி" வந்துருச்சு.

அறுபது வயசான ஜாவோ அந்த எழுச்சில போய் சேர்ந்தார். அரசுப் படை அடக்கிச்சு. ஜாவோ பிடிபட்டார், நான்கோங் ஜெயில்ல சோறு தண்ணி வேண்டாம்னு இருந்து 1902-லயே இறந்தார்.

என்ன மாறியிருக்கணும்

1869 பத்திரத்துல நான் கை வெப்பேன் முதல்ல. கிறிஸ்தவங்களுக்கு பங்கு குடுத்தது சரி, ஆனா 38 மூ விளைநிலத்துல இருந்து வெட்டி குடுத்திருக்கலாம், மனையை தொட்டிருக்க வேண்டாம். சாமி இருந்த இடம் இடிஞ்சு கெடந்தாலும் ஊர் மனசுல அது காலி மனை ஆகாது. மனையைத்தான் குடுக்கணும்னா கட்டடம், கைமாத்தல் ரெண்டுக்கும் நிபந்தனை போட்டிருக்கணும்.

1887 ராஜியை பத்தி ஏற்கனவே சொல்லிட்டேன். திருப்பி கிளப்பற சக்தி யார்கிட்ட இருக்கோ அவங்க கையெழுத்து இல்லாம சமாதானம் முடிஞ்சதுன்னு கோப்பை மூடக் கூடாது. அந்த மாஜிஸ்ட்ரேட் நல்லவர், கைக்காசு போட தயாரா இருந்தவங்களும் இருந்தாங்க, ஆனா பிஷப்பையும் கவர்னரையும் ஒரே காகிதத்துல கொண்டு வர அவருக்கு அதிகாரம் இல்ல. கவர்னர் அந்த வேலையை எடுத்திருக்கணும், செலவு ஒண்ணும் பெருசு இல்ல, பின்னாடி கட்டின 45 கோடிக்கு முன்னாடி அது தூசு.

மனு குடுத்தவங்களை ஜெயில்ல போட்டதை எந்த சூழ்நிலைலயும் நியாயப்படுத்த முடியாது. கோர்ட்டுக்கு வர்றவன் தோத்தாலும் வீட்டுக்கு திரும்பணும்.

1898-ல ரெண்டு தடவை கலைக்க ஒத்துக்கிட்ட ஒரு தலைவர் கிடைச்சார், அவரை ஊருக்கு முன்னாடி தலை நிமிர்ந்து நிக்க வெக்கற மாதிரி ஏதாவது கைல குடுத்து அனுப்பியிருக்கணும். பொதுமன்னிப்பு எழுத்துல, வேற இடத்துல கோயில் கட்ட அனுமதி, இப்படி ஏதாவது. கூட்டத்தை கலைஞ்சு போகச் சொல்ற தலைவர் வெறும் கையோட திரும்பினா அவர் பேச்சை அடுத்த தடவை யாரும் கேக்க மாட்டாங்க, ஹோங்தாவோயுவான்ல நடந்தது அதுதான்.

ஜாவோ பக்கமும் தப்பு இருக்கு. தன்னால நிறுத்த முடியாத கூட்டத்தை கூட்டினார், 1897 ஏப்ரல்ல அதை பாத்தப்புறமும் 1898-ல மறுபடி கூட்டினார். அந்நியரை ஒழின்னு எழுதின கொடிக்கு கீழ அடி வாங்கினது ஒரு அந்நியனும் இல்ல, அதே மொழி பேசற, அதே கிணத்துல தண்ணி எடுக்கற குடியானவங்க. தூதரகமும் மிஷன் மேலிடமும் எட்டாத உயரத்துல இருந்துச்சு, கைக்கு எட்டினது பக்கத்து வீடு.

அந்த இருபது கிறிஸ்தவக் குடும்பத்தைப் பத்தியும் சொல்லணும். இந்த முப்பது வருஷத்துல அவங்க பேரைச் சொல்லித்தான் தூதரகத்துல இருந்து ஒவ்வொரு புகாரும் போச்சு, அதிகாரிங்க முடிவை மாத்தி மாத்தி எடுத்ததும் அவங்களுக்காகன்னுதான். ஒவ்வொரு தடவை மனை அவங்க கைக்கு வந்தப்பவும் ஊர்ல இன்னும் தனியானாங்க, அடுத்த தடவை கூட்டம் வந்தப்போ அடி அவங்களுக்குத்தான். 1887-ல பேசின அந்த வேற இடத்துல ஒரு சின்ன சர்ச் எழும்பியிருந்தா அவங்க பிள்ளைங்க பயமில்லாம அங்க போய் கும்பிட்டிருக்கும், எதிர்த்த தெருவுல கோயில் திருவிழாவும் நடந்திருக்கும்.